வில்லன் வாயில் வைத்த கேள்வி

'பிளாக் பேந்தர்' படத்தில் லண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் நடக்கும் காட்சி பலருக்கு நினைவிருக்கும். கண்ணாடிப் பேழைகளுக்குள் ஆப்பிரிக்க முகமூடிகள், கோடரிகள், சடங்குப் பொருட்கள். எரிக் கில்மாங்கர் என்கிற கறுப்பின இளைஞன் அவற்றைப் பார்த்தபடி நிற்கிறான். காவலர்களின் கண்கள் பேழைகளை விட்டுவிட்டு அவனையே தொடர்கின்றன. பொறுப்பாளரான வெள்ளைக்காரப் பெண் காபிக் கோப்பையோடு வந்து, எது எந்த நாட்டுப் பொருள், எந்த நூற்றாண்டு என்று விவரம் சொல்கிறார். உங்கள் முன்னோர்கள் நியாயமான விலை கொடுத்தா இதையெல்லாம் வாங்கினார்கள் என்று அவன் கேட்கிறான். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோய், 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கு வாங்கி வைத்திருந்த நடராஜர், 2014-இல்தான் நாடு திரும்பினார். அந்தச் செய்தியைப் படித்த எவருக்கும் கில்மாங்கரின் கேள்வி வேற்றுநாட்டுக் கேள்வியாகப் படாது. நம் மனத்தில் பல காலமாகக் கிடந்ததை ஒருவன் திரையில் உரக்கக் கேட்டுவிட்டான் என்றே தோன்றும். ஆனால் அந்தக் கேள்வி காற்றில் கலைவதற்குள் அந்தப் பெண் சரிந்து விழுகிறார். காபியில் விஷம். அடுத்து காவலர்கள் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். கேட்டவன் கொலைகாரன் ஆகிவிட்டான். அவனுக்குத் தலையாட்டிய நாம் சட்டென்று தலையைத் திருப்பிக்கொள்கிறோம். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை அந்தப் பெண்ணுக்கும் இல்லை, நமக்கும் இல்லை என்றாகிறது. இந்த இடம் பல மாதங்களாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

உறுத்தல் அந்த ஒரு காட்சியோடு நின்றிருந்தால் மறந்திருப்பேன். கவனித்துப் பார்க்கப் பார்க்க, சூப்பர்ஹீரோ படங்களில் இது ஒரு வழக்கமாகவே இருக்கிறது என்பது தெரிந்தது. 2011 செப்டம்பரில் நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டை ஒட்டிய பூங்காவில் இளைஞர்கள் கூடாரமடித்து உட்கார்ந்து, செல்வம் ஏன் சிலரிடம் மட்டும் குவிகிறது என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் வந்த 'தி டார்க் நைட் ரைசஸ்' படத்தில் அதே பேச்சைப் பேசுகிறவன் வில்லன் பேன். பங்குச்சந்தைக்குள் புகுகிறான், நகரத்தை மக்களிடமே திருப்பித் தருகிறேன் என்கிறான், பணக்காரர்களை விசாரிக்க மன்றம் கூட்டுகிறான். இவ்வளவும் பேசுகிறவன் கையில் ஊரையே அழிக்கும் அணுகுண்டு ஒன்றையும் கொடுத்துவிடுகிறது படம். 'தி ஃபால்கன் அண்ட் தி வின்டர் சோல்ஜர்' தொடரில் கார்லி என்கிற பெண், வீடிழந்து முகாம்களில் அடைபட்ட மக்களுக்காக உணவும் மருந்தும் கைப்பற்றுகிறாள். அவள் சொல்வதில் தவறு கண்டுபிடிக்க நாம் திணறும் நேரம் பார்த்து, ஆட்கள் கட்டிப்போடப்பட்டிருக்கும் கட்டடத்தை அவள் வெடிவைத்துத் தகர்க்கிறாள். கில்மாங்கருக்கும் இன்னொரு முறை இதே நேர்கிறது. மூலிகைத் தோட்டத்தைப் பராமரிக்கும் முதியவளின் கழுத்தைப் பிடித்து அவன் தூக்கும் காட்சி கதை நகர்வுக்குத் தேவையே இல்லை. நாம் அவன் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுப்பதற்காகவே அது வைக்கப்பட்டிருக்கிறது. இயக்குநர் ரயன் கூக்ளர் ஓக்லாண்ட் நகரில் பிறந்தவர், 1966-இல் பிளாக் பேந்தர் கட்சி தோன்றிய ஊர் அது. அவர் அந்தக் கேள்வியை மதித்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். மன்னன் டிச்சாலா தன் முன்னோர்களைப் பார்த்து நீங்கள் செய்தது தவறு என்று குமுறும் இடம் உண்மையானது. ஆனாலும் படம் முடியும்போது உலகத்துக் கறுப்பின மக்களின் விடுதலை பற்றிய கேள்விக்கு, ஓக்லாண்டில் சில கட்டடங்களை வாங்கி உதவி மையம் திறப்பதுதான் பதிலாகக் கிடைக்கிறது.

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? தொடக்கத்துக்குப் போனால் வேறொன்றைப் பார்க்கிறேன். 1938 ஜூன் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமானபோது அவனுக்குக் கொடுக்கப்பட்ட அடைமொழி, ஒடுக்கப்பட்டோரின் காவலன் என்ற பொருளில் அமைந்தது. எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷூஸ்டர். இருவரும் கிளீவ்லாண்டில் பள்ளித் தோழர்கள், புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். சீகலின் தந்தை பழைய துணிக்கடை வைத்திருந்தவர். 1932-இல் ஒரு நாள் கடைக்குள் திருடர்கள் புகுந்தபோது அங்கேயே விழுந்து இறந்தார். சில ஆண்டுகளில் மகன், துப்பாக்கிக் குண்டு துளைக்காத மனிதன் ஒருவனை எழுதினார். அந்த மனிதன் முதல் இதழ்களில் யாரோடு மோதினான் என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். விண்வெளி அரக்கர்களோ உலகையாளத் துடிக்கும் விஞ்ஞானிகளோ இல்லை. மனைவியை அடிக்கும் கணவன், விலைபோகும் செனட்டர், போரை மூட்டிவிட்டு ஆயுதம் விற்கும் முதலாளி. மூன்றாவது இதழில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் சரிகிறது, ஒரு தொழிலாளி முடமாகிறான். பாதுகாப்புக்குச் செலவு செய்ய மறுத்தவர் உரிமையாளர். சூப்பர்மேன் தன் நீலச் சட்டையைப் போடாமல் சுரங்கத் தொழிலாளி வேடத்தில் அவர் மாளிகையில் நடக்கும் விருந்துக்குள் நுழைகிறான். போதை ஏறிய விருந்தாளிகள் வேடிக்கைக்காகச் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். பட்டுச்சேலை மாதிரி பளபளக்கும் நீள அங்கி உடுத்திய பெண்களும் கோட்டு மாட்டிய ஆண்களும் விளக்கோடு உள்ளே போனதும் அவன் வழியைச் சரித்து மூடிவிடுகிறான். அபாய மணியை அடிக்கிறார்கள், அது வேலை செய்யவில்லை. மண்வெட்டி எடுத்துத் தோண்டுகிறார்கள், கை கொப்பளிக்கிறது. அந்த மணியைப் பழுதுபார்க்கப் பணம் தராதவர் தாமே என்று உரிமையாளருக்கு அப்போது உறைக்கிறது. 1939 ஜனவரி இதழில் சூப்பர்மேன் ஒரு சேரிப்பகுதியையே தரைமட்டமாக்குகிறான். புயலில் அழிந்த ஊரை அரசு புது வீடுகளாகக் கட்டித் தந்ததாகச் செய்தித்தாளில் படித்திருக்கிறான். அழிந்தால்தான் கட்டித் தருவார்கள் என்றால் நான் அழிக்கிறேன் என்பது அவன் கணக்கு. அரசு அவன்மேல் படையை ஏவுகிறது. பேன் பேசியிருக்க வேண்டிய வசனத்தையும் செய்திருக்க வேண்டிய செயலையும் அன்று நாயகனே பேசினான், செய்தான்.

இந்தச் சூப்பர்மேன் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குமேல் நீடிக்கவில்லை. சீகலும் ஷூஸ்டரும் 130 டாலருக்கு உரிமையைக் கொடுத்துவிட்டார்கள், பிறகு அவனை என்ன செய்வது என்பது நிறுவனத்தின் முடிவாயிற்று. போர் வந்தது. எல்லாவற்றையும் செய்யக்கூடியவனை வைத்துக்கொண்டு போரை என்ன செய்வது என்று தெரியாமல், 1942-இல் ஒரு சிக்கலான வழி கண்டார்கள். படையில் சேரப் போன கிளார்க் கென்ட், அதாவது சாதாரண மனித வேடத்திலிருந்த சூப்பர்மேன், கண் பரிசோதனையில் தன் ஊடுருவும் பார்வையால் அடுத்த அறையில் தொங்கிய அட்டையைப் படித்துத் தோற்றுப்போகிறான். அட்டைப்படங்களில் அவன் போர்ப் பத்திரம் வாங்கச் சொன்னான். ஹிட்லருக்கு எதிரான போரில் யார் பக்கம் நிற்பது என்பதில் எனக்கு ஐயமில்லை. 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே கேப்டன் அமெரிக்காவை ஹிட்லரின் தாடையில் குத்த வைத்த ஜோ சைமனும் ஜாக் கிர்பியும், அமெரிக்கா போருக்குள் வராத காலத்தில் அதைச் செய்தவர்கள். அந்தக் குத்து இன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் போர் முடிந்த பிறகும் நாயகன் அரசின் தோளோடு தோள் உரசியபடியே நின்றுவிட்டான். 1954-இல் அது எழுத்திலும் வந்தது. மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்த்தம் காமிக்ஸ் குழந்தைகளைக் கெடுக்கிறது என்று நூல் எழுதினார், செனட் விசாரணை நடந்தது, பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தாங்களே ஒரு நெறிமுறையை வகுத்துக்கொண்டார்கள். காவலர், நீதிபதி, அரசு அதிகாரி, மதிப்புக்குரிய நிறுவனங்கள் ஆகியவற்றின்மேல் மரியாதை குறையும்படி எதையும் காட்டக்கூடாது என்று அதில் ஒரு விதி இருந்தது. வெர்த்தமை வெறும் பழமைவாதி என்று ஒதுக்க முடியாது. நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தேவாலயம் ஒன்றின் அடித்தளத்தில் ஏழைக் கறுப்பின மக்களுக்கு 25 சென்ட் கட்டணத்தில் மருத்துவம் பார்த்தவர். பள்ளிகளில் நிறப்பிரிவினையை ஒழித்த வழக்குகளுக்கு அவருடைய ஆய்வும் உதவியது. அவர் கவலை உண்மையானது. அதிலிருந்து பிறந்த விதியோ, விலைபோகும் செனட்டரோடு மோத முடியாத சூப்பர்மேனைத் தந்தது. 1962-இல் இத்தாலிய எழுத்தாளர் உம்பர்த்தோ எக்கோ சூப்பர்மேன் பற்றிய கட்டுரையில் சுட்டிக்காட்டியது இதன் விளைவைத்தான். உலகத்துப் பசியையே தீர்க்கும் வலிமை உள்ளவன் வங்கிக் கொள்ளையரைப் பிடிப்பதிலும் தர்ம நிதி திரட்டுவதிலும் காலத்தைச் செலவிடுகிறான். தீமை என்றால் சொத்தின்மேல் கைவைப்பது, நன்மை என்றால் தர்மம். அட்டை மூலையில் ஒட்டப்பட்ட அந்த நெறிமுறை முத்திரை 2011-இல் அடியோடு மறைந்தது. விதி மறைந்ததா என்பதில்தான் எனக்கு நிச்சயமில்லை.

சூப்பர்ஹீரோக்கள் சமூகத்தின் அச்சத்தைக் காட்டுகிறார்கள் என்று சொல்லும்போது பெரும்பாலும் எடுத்துக்காட்டப்படுவது அணுகுண்டு. அது சரிதான், விரைவாகச் சொல்லிவிடலாம். 1961 முதல் 1963 வரை மார்வல் உருவாக்கியவர்களில் பலர் கதிர்வீச்சின் பிள்ளைகள். விண்கதிர் பட்ட நால்வர், காமா குண்டு வெடித்து உருமாறிய ஹல்க், கதிரியக்கச் சிலந்தி கடித்து ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர். 2002-இல் வந்த 'ஸ்பைடர்மேன்' படத்தில் அதே சிலந்தி மரபணு மாற்றப்பட்ட சிலந்தியாகிவிட்டது, அச்சம் வேறு ஆய்வகத்துக்குக் குடிபெயர்ந்திருந்தது. இந்த அச்சங்கள் வெளிப்படையானவை, அவற்றுக்குப் பெயர் உண்டு, செய்தித்தாளில் அவை ஏற்கெனவே வந்தவை. என்னைத் தொந்தரவு செய்வது வேறு வகை. 1963-இல் அயர்ன் மேன் வியட்நாமில் பிடிபட்டு மார்பில் இரும்பைக் கட்டிக்கொண்டு தப்பித்தான். 2008 படத்தில் அதே கதை ஆப்கானிஸ்தானில் நடக்கிறது. ஆயுத வியாபாரி ஒருவன் தன் ஆயுதங்களாலேயே காயப்பட்டுத் திருந்துகிறான் என்ற கரு இரண்டு இடத்திலும் வலுவாகவே இருக்கிறது. ஆனால் எந்த நாட்டின் குகை, எந்த மக்களின் கிராமம் என்பதை ஒரு வரியில் மாற்றிவிட முடிந்திருக்கிறது. அந்தக் கிராமத்துக் குழந்தைக்கு இரண்டு கதைகளிலும் பெயர் இல்லை. படத்தின் பகுதிகள் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் அமெரிக்க விமானப்படையின் ஒத்துழைப்போடு எடுக்கப்பட்டன. விமானங்கள் நிஜமானவை, ஓடுதளம் நிஜமானது. அந்த ஓடுதளத்திலிருந்து கிளம்பிய விமானங்கள் போன இடத்து மனிதர்கள் மட்டும் யாராக இருந்தாலும் சரி என்கிற நிலையில் இருந்தார்கள். ஒரு சமூகம் எதைக் கண்டு அஞ்சுகிறது என்பதைவிட, எதைப் பார்க்காமலே இருந்துவிட முடிகிறது என்பது இங்கே தெரிகிறது.

'தி டார்க் நைட்' இதைவிடக் கூர்மையானது, அதனால்தான் அதிகம் யோசிக்க வைக்கிறது. ஜோக்கரைக் கண்டுபிடிக்க, நகரத்து மக்கள் அனைவரின் கைபேசிகளையும் பேட்மேன் ஒட்டுக்கேட்கும் கருவிகளாக மாற்றிவிடுகிறான். இருண்ட அறை ஒன்றில் சுவர் முழுக்கத் திரைகள், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய வீடு, குரல். முதியவர் லூசியஸ் ஃபாக்ஸ் அதன் முன்னே நின்று, இவ்வளவு அதிகாரம் ஒருவர் கையில் இருப்பது தவறு, இது இருக்கும்வரை நான் இங்கே வேலை பார்க்கமாட்டேன் என்ற பொருளில் சொல்கிறார். அவராக நடித்த மார்கன் ஃப்ரீமனின் முகத்தில் அந்த நேரம் கோபமில்லை, சோர்வு தெரிகிறது. ஆனாலும் இந்த ஒருமுறை உட்கார்ந்து கருவியை இயக்குகிறார். ஜோக்கர் பிடிபட்டதும் தன் பெயரைத் தட்டுகிறார், கருவி தன்னைத் தானே அழித்துக்கொள்கிறது. படம் அமெரிக்காவில் வெளியானது 2008 ஜூலை 18. எட்டு நாள் முன்னால், ஜூலை 10 அன்று, உளவுக் கண்காணிப்புச் சட்டத் திருத்தத்தில் அதிபர் புஷ் கையெழுத்திட்டிருந்தார். நீதிமன்ற ஆணை இல்லாமல் நடந்த ஒட்டுக்கேட்பில் அரசுக்கு உதவிய தொலைபேசி நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடர முடியாதபடி அந்தச் சட்டம் பாதுகாப்புக் கொடுத்தது. இந்தத் தேதிகளில் யாருடைய சதியும் இல்லை, படம் அதற்கு முன்பே எடுத்து முடிக்கப்பட்டது. இரண்டும் ஒரே காற்றைச் சுவாசித்திருந்தன, அவ்வளவுதான். படம் நமக்குத் தரும் ஆறுதல் என்ன? நல்லவன் கையில் இருந்தால், ஒரே ஒருமுறை என்றால், வேலை முடிந்ததும் உடைத்துவிடுவான் என்றால், பரவாயில்லை. 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடென் வெளிக்கொணர்ந்த ஆவணங்களைப் படித்தவர்களுக்கு நிஜத்தில் யாரும் தன் பெயரைத் தட்டி எதையும் உடைக்கவில்லை என்று தெரிந்தது. மறு ஆண்டு 'கேப்டன் அமெரிக்கா: தி வின்டர் சோல்ஜர்' வந்தது. மக்களின் தரவுகளைச் சலித்து, நாளை எதிர்க்கக்கூடியவர்களை இன்றே வானிலிருந்து கொல்லும் திட்டம் அதில் வருகிறது. துணிச்சலான கற்பனை என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன் பின்னால் இருப்பது அமெரிக்க அரசு நிறுவனத்துக்குள் எழுபது ஆண்டுகளாக ஒளிந்திருந்த நாஜிக் கூட்டம் என்று தெரியவந்தபோது மனம் சுருங்கியது. அரசு செய்யும் என்று அஞ்சிய ஒன்றை அரசு செய்யவில்லை, அதற்குள் புகுந்த அந்நியன் செய்தான். கேள்வியைக் கேட்க அனுமதித்துவிட்டு, குற்றவாளிக் கூண்டில் வேறொருவனை நிறுத்திவிட்டார்கள்.

நான் இவ்வளவு ஒரே திசையில் இழுப்பது நியாயமா என்ற ஐயமும் கூடவே வருகிறது. எதிரிக்கு நல்ல வசனம் கொடுப்பது கதையின் பழைய இயல்பு. கம்பனைப் படித்த நமக்கு இராவணனின் கம்பீரம் புதிதில்லை. புலவர் குழந்தை 1946-இல் 'இராவண காவியம்' எழுதி அவனையே நாயகனாக்கினார். 1948-இல் அது தடைசெய்யப்பட்டு, 1971-இல்தான் தடை நீங்கியது. எதிரியின் பக்கம் போய் நின்று கேட்கத் தெரிந்த வாசகர்கள் இங்கே இருந்தார்கள், அது அரசைக் கலவரப்படுத்தும் அளவுக்கு இருந்தது. ஆகவே படம் கேள்வியைக் கொலைகாரன் வாயில் வைத்தாலும், பார்ப்பவர் அதைத் தனியே பிரித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியும். என் தலைமுறைக்குச் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ்தான் முதல் வாசல். 1972-இல் அதன் முதல் இதழில் வந்த இரும்புக்கை மாயாவி, 1962-இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் தொடங்கிய கதையின் தமிழ் வடிவம். ஆய்வக விபத்தில் சிக்கிய லூயிஸ் கிராண்டேலுக்கு மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் காற்றில் மிதந்து பூட்டைத் திறக்கும், கழுத்தைப் பிடிக்கும். ஆரம்பத்தில் அவன் குற்றவாளி, பிறகுதான் அரசின் உளவாளி. உளவாளியான மாயாவி செய்த சாகசங்கள் ஒன்றும் எனக்குத் தெளிவாக நினைவில் இல்லை. யாருக்கும் கட்டுப்படாமல் ஒரு நகரத்தையே மிரட்டிக்கொண்டு அலைந்த அந்த முதல் கை மட்டும் மறக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒருவனுக்குத் தோன்றும் ஆசைகளை அந்தக் கதை மறைக்காமல் காட்டியதே காரணமாக இருக்கலாம்.

இன்னொரு ஐயம் அடிப்படையானது. சமூகத்தின் அச்சம் என்கிறேன், யாருடைய சமூகம்? 1972-இல் மார்வல் அறிமுகப்படுத்திய லூக் கேஜ், செய்யாத குற்றத்துக்குச் சிறைப்பட்ட கறுப்பின மனிதன். சிறையில் நடந்த பரிசோதனையில் அவன் தோலைக் குண்டு துளைக்காது என்றாகிறது. கிளீவ்லாண்டின் துணிக்கடைக்காரர் மகன் கனவு கண்டதும் இதே வரம்தான். ஆனால் லூக் கேஜ் வாழும் ஹார்லெமில் அதற்கு வேறு எடை இருக்கிறது, ஏனென்றால் அங்கே குண்டு காவலர் துப்பாக்கியிலிருந்தும் வரும். 2012-இல் ஃபுளோரிடாவில் ட்ரேவான் மார்ட்டின் என்ற பதினேழு வயதுப் பையன் தலைமூடிச் சட்டை அணிந்து கடைக்குப் போய்த் திரும்பும்போது சுடப்பட்டான். 2016-இல் வந்த 'லூக் கேஜ்' தொடரில் அதே மாதிரிச் சட்டை நாயகனின் உடுப்பாகிறது. காவல்துறை அவனைத் தேடும்போது, ஹார்லெம் ஆண்கள் குண்டு பாய்ந்த ஓட்டைகளோடு கூடிய தலைமூடிச் சட்டைகளை மாட்டிக்கொண்டு தெருக்களில் நடக்கிறார்கள். யாரைப் பிடிப்பது என்று காவலர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் காட்சியில் ஒருவனுக்குரிய வரம் ஊர் முழுக்கப் பகிரப்படுகிறது. அதேபோல 2014-இல் ஜெர்சி சிட்டியின் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண்ணாகத் தனி இதழ் கண்ட கமலா கான், மறு ஆண்டு ஜனவரியில் தாளை விட்டே வெளியே வந்தாள். சான் பிரான்சிஸ்கோவில் மாநகரப் பேருந்துகளில் இஸ்லாமியர்மேல் வெறுப்பை உமிழும் விளம்பரங்கள் ஒட்டப்பட்டிருந்தன. யாரோ அவற்றின்மேல் கமலாவின் படத்தை ஒட்டி மறைத்தார்கள். இதற்குமேல் ஒரு காமிக்ஸ் நாயகிக்கு என்ன வேலை வேண்டும்?

இன்னொரு படமும் தாளை விட்டு வெளியே வந்தது. பனிஷர் என்கிற ஃபிராங்க் காசில், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவன், மாஃபியாவிடம் குடும்பத்தைப் பறிகொடுத்தவன், மார்பில் வெள்ளை மண்டையோடு வரைந்துகொண்டு குற்றவாளிகளை விசாரணையின்றிச் சுட்டுக் கொல்பவன். 1974-இல் ஜெரி கான்வே இவனை ஸ்பைடர்மேனின் எதிரியாகத்தான் அறிமுகப்படுத்தினார். கேள்வி கேட்ட வில்லன்கள் வில்லன்களாகவே சாக, கேள்வி கேட்காமல் சுட்ட இந்த ஒருவன் நாயகனாக உயர்ந்து தனி இதழ்கள் பெற்றான். இராக்கில் அமெரிக்கப் படைவீரர்கள் அந்த மண்டையோட்டைக் கவசங்களில் வரைந்தார்கள். அங்கிருந்து அது உள்நாட்டுக் காவலர்களின் வாகனங்களுக்கும் சட்டைகளுக்கும் வந்தது. கென்டக்கியின் சிறு நகரம் ஒன்றில் 2017-இல் காவல் வாகனங்களிலேயே ஒட்டப்பட்டு, எதிர்ப்புக்குப் பின் அகற்றப்பட்டது. 2021 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் புகுந்த கும்பலிலும் அது இருந்தது. கான்வே பலமுறை வருந்திச் சொல்லியிருக்கிறார்: நீதி அமைப்பு தோற்றுவிட்டது என்பதன் அடையாளமே அவன், அந்த அமைப்பின் ஊழியர்கள் அவனை எப்படி அணிய முடியும்? 2019-இல் ஒரு காமிக்ஸ் இதழிலேயே பனிஷர், தன்னைப் போற்றும் இரு காவலர்களிடம் அந்த ஒட்டுப்படத்தைக் கிழித்துப்போட்டு, முன்மாதிரி வேண்டுமானால் கேப்டன் அமெரிக்காவைப் பாருங்கள் என்று அதட்டுகிறான். பலனில்லை. காமிக்ஸ் நெறிமுறை ஒழிந்து, காவலரை எப்படி வேண்டுமானாலும் வரையலாம் என்றான காலத்தில், காவலர்களே தங்களுக்கு இப்படி ஒரு படத்தைத் தேர்ந்துகொண்டார்கள். எனக்குத் தெரிந்து இந்த நாயகர்கள் பிரதிபலித்தவற்றுள் மிகக் கலப்பில்லாதது இது, மிக அச்சமூட்டுவதும் இதுதான்.

1938-இன் சூப்பர்மேனைத் திரும்பக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சுரங்கக் கதையிலேயே ஒன்று குறைகிறது. அந்த ஆண்டுகளில் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் சங்கம் ஜான் லூயிஸ் தலைமையில் நாட்டையே உலுக்கும் வலிமையோடு இருந்தது. கதையில் சங்கம் என்ற பேச்சே இல்லை. முடமான தொழிலாளி தன் துயரத்தைச் சொல்கிறான், மற்றவர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள், முதலாளிக்குப் பாடம் புகட்ட வேற்றுக்கிரகத்திலிருந்து ஒருவன் வர வேண்டியிருக்கிறது. பிறகு வந்த கதைகளில் நாயகன் பக்கம் மாறினான், மக்கள் அதே இடத்தில்தான் நின்றார்கள். பெரும்பாலான படங்களில் கூட்டத்துக்கு இரண்டே வேலைகள்: அலறியபடி ஓடுவது, இல்லாவிட்டால் பேனின் பேச்சைக் கேட்டுக் கடைகளைச் சூறையாடுவது. குண்டு, மரபணு, உளவு என்று இந்தக் கதைகள் பெயர் சொல்லிக் காட்டும் அச்சங்களுக்கெல்லாம் அடியில், சாதாரண மனிதர்கள் ஒன்றுகூடி எதையாவது செய்துவிடுவார்களோ என்ற அச்சம் இருப்பதாகவே நான் இப்போது எண்ணுகிறேன். விலக்குகள் உண்டு. 'ஸ்பைடர்மேன் 2' படத்தில் ஓடும் ரயிலைத் தன் உடம்பால் நிறுத்திவிட்டு மயங்கிச் சாயும் பீட்டரைப் பயணிகள் கீழே விழாமல் பிடிக்கிறார்கள். தலைக்குமேல் தூக்கி, கைமாற்றி, பெட்டிக்குள் கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்து, அவன் தங்கள் வீட்டுப் பையனைவிடப் பெரியவன் இல்லை என்று ஒருவர் மெல்லச் சொல்கிறார். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பித் தந்து, யாரிடமும் சொல்லமாட்டோம் என்கிறார்கள். வில்லன் டாக்டர் ஆக்டோபஸ் வந்து நின்றதும் ஒருவர் பின் ஒருவராக எழுந்து, முதலில் எங்களைத் தாண்டிப் போ என்று குறுக்கே நிற்கிறார்கள். அவன் நான்கு இரும்புக் கைகளாலும் அவர்களை இரு பக்கமும் ஒதுக்கித் தள்ள, படம் உடனே பீட்டரைப் பின்தொடர்ந்து போய்விடுகிறது. அந்தப் பெட்டியிலேயே கேமரா இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம். தள்ளப்பட்டவர்கள் எழுந்து ஒருவரையொருவர் என்ன கேட்டுக்கொண்டார்கள், அடுத்த நிலையத்தில் இறங்கி எங்கே போனார்கள் என்பதை எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும்.